ஹை நூன் பிடித்தது, சர்ச்சர்ஸ் ஏன் ஒட்டவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சமீபத்தில் பழைய கௌபாய் படங்கள் நான்கைப் பார்த்திருக்கிறீர்கள்: ஹை நூன் (1952), தி சர்ச்சர்ஸ் (1956), ரியோ பிராவோ (1959), தி குட் தி பேட் அண்ட் தி அக்லி (1966). முதலும் கடைசியும் பிடித்துவிட்டன. ரியோ பிராவோ இழுவையாக இருந்திருக்கிறது. சர்ச்சர்ஸ் பார்த்துக் கோபமே வந்திருக்கிறது, நாயகனே அப்பட்டமான இனவெறியன், இதைப் போய் ஏன் உலகின் சிறந்த படங்களில் வைக்கிறார்கள் என்று. கூடவே, இதில் எவ்வளவு நிஜ வரலாறு, அடுத்து என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஒட்டாமல் போன அந்த இரண்டு படங்களுக்கும் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுக்கலாம். ஏன் என்று சொல்கிறேன். நான் பல வருடம் படத்தொகுப்பு செய்தவன், மாணவர்களுக்கு இந்தப் படங்களைப் போட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டியவன். ஷாட்டுகளைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அமெரிக்க வரலாற்றில் என் அறிவு வாசிப்பின் வழியே வந்ததுதான், அந்தப் பகுதியை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெஸ்டர்ன் என்று சொல்லும் இந்தக் கௌபாய் படங்களை ஒவ்வொன்றாகத் தனியே பார்த்தால் பாதிதான் கிடைக்கும். இவற்றை எடுத்தவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் கூர்ந்து பார்த்தவர்கள், பல சமயம் ஒரு படம் இன்னொன்றுக்குச் சொல்லும் பதிலாகவே வந்திருக்கிறது. நீங்கள் பார்த்த நான்கில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது, ஹை நூனும் ரியோ பிராவோவும்.

ஹை நூன் உங்களைப் பிடித்துவைத்ததற்குக் காரணம் கடிகாரம். படம் ஓடுவது 85 நிமிடம், கதை நடப்பதும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். ஊரின் சட்டக் காவலரான மார்ஷல் கேன் அன்றுதான் கல்யாணம் முடித்து ஊரைவிட்டுக் கிளம்பவிருக்கிறார், அவர் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான், ஊரில் ஒருவரும் துணைக்கு வரமாட்டேன் என்கிறார்கள். இயக்குநர் ஃபிரெட் ஜின்னமனும் ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பியும் வானத்தை அழகாக்கும் ஃபில்டர்களைப் போடாமல், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால நிழற்படங்கள் மாதிரி வெளிறிய, தட்டையான வெளிச்சத்தில் எடுத்தார்கள். வெஸ்டர்னில் வழக்கமாக வரும் மேகக் கூட்டமே இதில் கிடையாது. நண்பகல் நெருங்கும்போது வரும் அந்தத் தொகுப்பை மறுபடி போட்டுப் பாருங்கள்: ஆடும் பெண்டுலம், தனியாக உட்கார்ந்து உயில் எழுதும் கேன், ஆளற்ற தண்டவாளம், தேவாலயத்தில் இருப்பவர்கள், மதுக்கடையில் இருப்பவர்கள், திரும்பவும் பெண்டுலம், பிறகு மில்லர் ஒருகாலத்தில் உட்கார்ந்து சபதம் போட்ட அந்தக் காலி நாற்காலி, ரயிலின் ஊதல். வெட்டுகள் திமித்ரி டியோம்கினின் இசைத் தாளத்தில் விழுகின்றன. இந்தப் படத்தொகுப்புக்கு எல்மோ வில்லியம்ஸும் ஹாரி கெர்ஸ்டாடும் ஆஸ்கர் வாங்கினார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு வயிற்றில் ஒரு இறுக்கம் வரும்.

இந்தப் படம் அரசியல் உருவகமா என்றால், அதில் உறுதியானது ஒன்று, விவாதத்துக்குரியது ஒன்று. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் 1951-ல், படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே, கம்யூனிஸ்ட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டார், மற்றவர் பெயரைச் சொல்ல மறுத்தார், ஹாலிவுட் வேலை தர மறுத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் விழுந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டார். இது பதிவான வரலாறு. ஊரே கைவிட்ட மார்ஷலில் தன்னையே எழுதியதாக ஃபோர்மன் சொன்னார். ஆனால் ஜின்னமன் அதை அப்படிப் பார்க்கவில்லை, மனசாட்சியைப் பற்றிய கதையாகத்தான் எடுத்தேன் என்றார். இரண்டு பேருமே அந்தப் படத்தை உருவாக்கியவர்கள், ஒருவர் சொல்வதுதான் சரி என்று தீர்ப்பெழுத நமக்கு அவசியமில்லை.

சர்ச்சர்ஸ், ரியோ பிராவோ இரண்டிலும் நாயகனாக நடித்த ஜான் வெய்னுக்கு இந்தப் படம் அறவே ஆகாது. அமெரிக்காவுக்கே விரோதமான படம் என்று 1971-ல் ஒரு பேட்டியில் சொன்னார். இத்தனைக்கும் 1953-ல் கேனாக நடித்த கேரி கூப்பருக்கு இதற்காக ஆஸ்கர் கிடைத்தபோது, விழாவுக்கு வராத நண்பருக்காக மேடையேறி அதை வாங்கிக்கொண்டவர் அவர்தான். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் எரிச்சல். வேலை தெரிந்த ஷெரிஃப் ஊரெல்லாம் ஓடி ஆள் கேட்கமாட்டான், உனக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பான் என்பது அவர் கட்சி. அதன் விளைவுதான் ரியோ பிராவோ. அங்கே வெய்ன் நடித்த ஷெரிஃப் சான்ஸ் உதவியை வேண்டாம் என்கிறார், அப்புறம் ஒவ்வொருவராகத் தாங்களே வந்து நிற்கிறார்கள்: ஒரு குடிகாரன், ஒரு நொண்டிக் கிழவர், ஒரு சின்னப் பையன், ஒரு சூதாட்டக்காரப் பெண். இசை அதே டியோம்கின்தான்!

அந்தப் படத்தை இழுவை என்று சொன்னீர்கள். 141 நிமிடம் ஓடுகிறது, கதை என்று பார்த்தால் கொஞ்சம்தான், அதில் உங்களோடு சண்டை போட முடியாது. ஆனால் ஹாக்ஸ் கதையை நகர்த்துவதில் அக்கறை காட்டவில்லை, அந்த மனிதர்களோடு நம்மைக் குடியிருக்க வைக்கிறார். தொடக்கத்தில் சில நிமிடங்களுக்கு வசனமே இல்லை. டீன் மார்ட்டின் நடித்த ட்யூட் நடுங்கிக்கொண்டே மதுக்கடைக்குள் வருகிறான், குடிக்கக் காசில்லை. ஒருவன் வெள்ளிக் காசை எச்சில் கலத்துக்குள் எறிகிறான். ட்யூட் குனிந்து கையை நீட்டும் நேரத்தில் ஒரு பூட்ஸ் கால் அந்தக் கலத்தை எட்டி உதைக்கிறது. நிமிர்ந்தால் ஜான் வெய்ன். அவமானம், நட்பு, கோபம் எல்லாம் இதிலேயே வந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு பின்பாதிக்குப் போங்கள். ட்யூட் தோற்றுவிட்டோம் என்று முடிவுசெய்து ஒரு டம்ளர் விஸ்கியை ஊற்றி வைத்திருக்கிறான். எதிரிகள் தெருமுனையிலிருந்து ஒரு மெக்சிக டிரம்பெட் பாட்டை வாசிக்க வைக்கிறார்கள், கருணை கிடையாது என்று அறிவிக்கும் பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டே அவன் விஸ்கியைத் திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றுகிறான், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை, கை நடுக்கம் நின்றிருக்கிறது. அந்தக் கை அத்தனை நேரம் நடுங்கியதை நாம் பொறுமையாகப் பார்த்திருந்தால்தான் இது வேலைசெய்யும். வேகமாக வெட்டியிருந்தால் இந்தக் காட்சி செத்துப்போயிருக்கும்.

நம் ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த நிதானம் அந்நியமாகப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குக் கௌபாய் என்றால் ஓடு ஓடென்று ஓடிய மெக்கன்னாஸ் கோல்டும், கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய படங்களும், சிவகாசியிலிருந்து வரும் டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் காமிக்ஸும்தான். அவற்றில் பெரும்பாலானவை இத்தாலிய, ஐரோப்பிய ருசி கொண்டவை. ஆகவே தி குட் தி பேட் அண்ட் தி அக்லி எடுத்த இத்தாலியர் செர்ஜியோ லியோனே நமக்கு உடனே பிடிபடுகிறார், ஹாக்ஸும் சர்ச்சர்ஸ் எடுத்த ஜான் ஃபோர்டும் கொஞ்சம் நேரம் கேட்கிறார்கள்.

இனி சர்ச்சர்ஸ். உங்கள் கோபம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள், அதை வைத்துக்கொண்டே மறுபடி பாருங்கள். முதலில் ஒரு காட்சி. கொமாஞ்சி என்ற பூர்வகுடியினரைத் துரத்திக்கொண்டு ஆண்கள் கிளம்பும் காலை. வார்ட் பாண்ட் நடித்த பாதிரியார், அவரே ரேஞ்சர் கேப்டனும்கூட, முன்னறையில் நின்று காபி குடிக்கிறார். உள்ளறையில் வெய்ன் நடித்த நாயகன் ஈத்தனின் அண்ணன் மனைவி மார்த்தா அவனுடைய ராணுவக் கோட்டை எடுக்கிறாள், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அதை மெதுவாகத் தடவுகிறாள். பாதிரியாரின் கண்ணில் அது பட்டுவிடுகிறது. அவர் தலையைத் திருப்பவில்லை, எதிரே வெறுமனே பார்த்தபடி காபியை மெல்ல விழுங்குகிறார். பின்னால் ஈத்தன் வந்து கோட்டை வாங்கிக்கொள்கிறான், அவள் நெற்றியில் முத்தமிடுகிறான், போய்விடுகிறான். இதைப் பற்றிப் படத்தில் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அன்றிரவே மார்த்தா கொல்லப்படுகிறாள். ஈத்தன் அடுத்துப் பல ஆண்டுகள் எதைத் தேடி அலைகிறான், எதற்காக எரிகிறான் என்பதன் வேர் அந்தக் கோட்டில் இருக்கிறது. நானாக இருந்தால் அந்த இடத்தில் மார்த்தாவின் முகத்துக்கு ஒரு குளோசப் வெட்டியிருப்பேனோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஜான் ஃபோர்டு வெட்டவில்லை, பார்த்தும் பார்க்காத மனிதரை முன்னால் நிறுத்திவிட்டு நம்மையும் அவர் இடத்தில் வைத்துவிட்டார்.

இன்னொன்று, கண் இமைத்தால் தவறிவிடும். மார்த்தாவின் சின்ன மகள், கொமாஞ்சிகள் கடத்திப்போக ஈத்தன் தேடி அலையும் டெபி, ஒளிந்துகொள்ள ஓடிவரும் கல்லறைக் கல்லில் 1852-ல் கொமாஞ்சிகளால் கொல்லப்பட்டவள் என்று ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அது ஈத்தனின் அம்மா. வசனத்தில் எங்கும் வராது. மறுபக்கம், கொமாஞ்சித் தலைவன் ஸ்கார் தன் இரண்டு மகன்களை வெள்ளையர் கொன்றதைச் சொல்கிறான். இரண்டு பேரும் ஒரே நோயில் விழுந்தவர்கள் என்று படம் காட்டுகிறது. ஈத்தன் செத்தவனின் கண்ணைச் சுடுகிறான், கடைசியில் ஸ்காரின் தலைத்தோலையே அறுக்கிறான். அவன் செய்வதைப் படம் அழகாக்கவில்லை, முடிவில் அவனுக்கு வீட்டுக்குள் இடமும் தரவில்லை. கதவு அவனை வெளியே வைத்துத்தான் மூடுகிறது.

அதே சமயம் படத்தின் குறையை மூடி மறைக்கவும் நான் தயாராக இல்லை. லுக் என்ற கொமாஞ்சிப் பெண்ணை, தேடலில் ஈத்தனோடு அலையும் இளைஞன் மார்ட்டின் காலால் உதைத்து மேட்டிலிருந்து உருட்டிவிடுவதைச் சிரிப்புக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். பிறகு ராணுவம் அழித்த கிராமத்தில் அவள் பிணமாகக் கிடப்பதைக் காட்டி நம்மை வருந்த வைக்கிறார்கள். இரண்டாவது காட்சி முதல் காட்சியை நியாயப்படுத்தாது. ஸ்காராக நடித்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்தவர், கொமாஞ்சிகளாக வருகிறவர்கள் பெரும்பாலும் படப்பிடிப்பு நடந்த மண்ணின் நவாஹோ மக்கள். இனவெறியைப் பற்றிய படம், இனவெறியிலிருந்து முழுதாக வெளியே வராத படம், இரண்டும் சேர்ந்ததுதான் சர்ச்சர்ஸ். 1956-ல் அதற்கு ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடையாது. சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் 2012-ல் ஏழாவது இடம், 2022-ல் பதினைந்தாவது. என்னைக் கேட்டால் இந்தச் சச்சரவு தீராததே அது உயிரோடு இருப்பதற்குக் காரணம். டெபி உண்மையில் ஈத்தனின் மகளா என்று சிலர் எழுதுவார்கள். படத்தில் அதற்கு ஆதாரம் இல்லை, ஊகம் மட்டுமே. கடைசி ஷாட்டில் வெய்ன் இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து நிற்பது பழைய நடிகர் ஹாரி கேரிக்குச் செய்த மரியாதை என்பது வெய்னே சொன்னது. கேரியின் மனைவி ஆலிவ் கேரிதான் அந்தப் படத்தில் ஜார்கென்சன் வீட்டம்மாவாக நடித்தவர்.

லியோனே படத்தில் உதட்டசைவு பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் பிரிண்டில் கோளாறு இல்லை. அன்றைய இத்தாலிய வழக்கப்படி படப்பிடிப்பில் ஒலியைப் பதிவதில்லை, நடிகர்கள் அவரவர் மொழியில் பேசுவார்கள், எல்லாக் குரலும் பின்னால் டப்பிங்கில் வந்தது. அந்தப் பிரம்மாண்டமான முகங்களுக்குக்கூட ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அவர் பயன்படுத்தியது டெக்னிஸ்கோப், ஃபிலிமின் ஓரத் துளைகளின் கணக்கில் ஒரு ஃபிரேமுக்கு வழக்கமான நான்கு துளை உயரத்துக்குப் பதில் இரண்டே துளை, செலவு பாதி. சாதாரண லென்ஸ் போதும் என்பதால் முகத்துக்கு மிக அருகே போகலாம், பின்னால் இருப்பதும் தெளிவாக விழும். சர்ச்சர்ஸ் எடுத்த விஸ்டாவிஷனில் ஃபிலிம் படுக்கைவாட்டில் ஓடும், ஒரு ஃபிரேமுக்கு எட்டுத் துளை. ஒருவர் பள்ளத்தாக்கைக் காட்டினார், ஒருவர் கண்களைக் காட்டினார் என்பதில் ருசிக்கும் பங்கு உண்டு, ஃபிலிம் சுருளுக்கும் பங்கு உண்டு.

வரலாறு எவ்வளவு என்ற கேள்விக்கு: மிகக் குறைவு. நடுத்தெருவில் இருவர் எதிரெதிரே நின்று துப்பாக்கி உருவுவது நடந்திருக்கிறது, 1865-ல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக் டேவிஸ் டட்டைச் சுட்டது அப்படித்தான், ஆனால் அது அபூர்வம். பல ஊர்களில் ஊருக்குள் துப்பாக்கி வைத்திருக்கவே தடை. 1881 அக்டோபர் 26 அன்று டூம்ஸ்டோனில் நடந்த ஓ.கே. கொரல் சண்டையே அந்தத் தடையை அமல்படுத்தப்போய் மூண்டதுதான், அரை நிமிடம்போல் நீடித்தது. மாடு ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தார்கள், பழைய படங்கள் அவர்களை ஓரமாகத்தான் வைத்தன. நீண்ட மாட்டுப் பயணங்களின் காலமும் சிறியது. உள்நாட்டுப் போர் முடிந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குள் முள்வேலியும் ரயிலும் அதை முடித்துவிட்டன. அப்புறம், டெக்சாஸ் என்று சொல்லிவிட்டு ஃபோர்டு காட்டும் அந்தச் செம்பாறைக் கோபுரங்கள் அரிசோனா, யூட்டா எல்லையில் நவாஹோ நிலத்தில் இருக்கும் மானுமென்ட் பள்ளத்தாக்கு. 1939-ல் வெளியான ஸ்டேஜ்கோச் படத்துக்காக முதலில் அங்கே போனவர், பிறகு விடவேயில்லை.

அடுத்து என்ன பார்க்கலாம் என்பதற்கும் ஜோடியாகவே சொல்கிறேன். முதலில் ஸ்டேஜ்கோச். ஒரு குதிரை வண்டியில் ஒன்பது பேர், யாரைச் சமூகம் ஒதுக்குகிறதோ அவர்களே கடைசியில் மனிதர்களாக நிற்பார்கள். வெய்ன் முதன்முதலில் வரும் இடத்தில் கேமரா அவரை நோக்கி விரைந்து போகும்போது ஒரு நொடி ஃபோகஸ் தவறும், அதைக் கவனியுங்கள். ஃபோர்டு அதை அப்படியே வைத்துக்கொண்டார். அதன் பிறகு நேராக அவருடைய தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ் (1962). அதே இயக்குநர், அதே வெய்ன், ஆனால் தான் கட்டிய வீரக்கதையை அவரே பிரித்துப்போடுகிறார், பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள், கறுப்பு வெள்ளையில். ஏன் கறுப்பு வெள்ளை என்பதற்குச் செலவு என்றும், ஐம்பது தாண்டிய நாயகர்களின் வயதை மறைக்க என்றும், அந்த மனநிலைக்காகவே என்றும் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். படத்தைப் பார்க்கும்போது எனக்கு மூன்றாவதுதான் சரி என்று படுகிறது.

இரண்டாவது ஜோடி மை டார்லிங் கிளமென்டைன் (1946), ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட் (1968). முன்னது அந்த ஓ.கே. கொரல் சண்டையின் கதை, ஹென்றி ஃபோண்டா அதில் சட்டக் காவலர் வயட் எர்ப். திண்ணையில் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, தூணில் ஒரு காலை வைத்து, மறுகாலை வைத்து விளையாடும் சாந்தமான மனிதர். உண்மை எர்ப்பிடமே சண்டை நடந்த விதத்தைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்று ஃபோர்டு சொல்வார். படத்தில் அந்தச் சண்டையில் செத்துப்போகும் எர்ப்பின் நண்பர் டாக் ஹாலிடே நிஜத்தில் 1887-ல் காசநோயில் இறந்தவர், ஆகவே அந்தப் பேச்சை நம்பி வரலாறு படிக்கவேண்டாம். பின்னதில் அதே ஃபோண்டாவின் நீலக் கண்களை ஒரு குழந்தையைக் கொல்பவனுக்குக் கொடுத்தார் லியோனே. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால்தான் அந்த முகம் திரும்பும் ஷாட் உங்களை உலுக்கும். நேரமிருந்தால் ஷேன் (1953), த்ரீ டென் டு யூமா (1957) இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தி வைல்ட் பஞ்ச் (1969), அன்ஃபர்கிவன் (1992) இரண்டையும் கடைசிக்கு ஒதுக்குங்கள். அவை முந்தைய படங்களோடு கணக்குத் தீர்க்கிறவை.

பார்க்கும்போது ஒரு விஷயம். ஹை நூன், ஸ்டேஜ்கோச் போன்றவை ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்காக எடுத்தவை. டிவி முழுக்க நிரம்பட்டும் என்று இழுத்துவிடாதீர்கள், இரு ஓரமும் கறுப்பாக இருக்கட்டும். லியோனே படத்தில் நேரத்தையும் பாருங்கள். 161 நிமிடப் பிரதிதான் அன்று அமெரிக்காவில் ஓடியது. ஏறக்குறைய மூன்று மணி நேரப் பிரதியில் சேர்த்த காட்சிகளுக்கு அதில் நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் 2003 வாக்கில், கிழவர்களான பிறகு, மறுபடி டப்பிங் பேசினார்கள். மூன்றாவது நடிகர் லீ வான் கிளீஃப் அதற்குள் இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல். காது கூர்மையாக இருந்தால் அந்த இடங்களில் வயது தெரியும். நீங்கள் பார்த்தது எது என்று எழுதுங்கள். குறுகியதுதான் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், சேர்த்த காட்சிகளால் அந்தப் படத்துக்குப் பெரிதாக எதுவும் கூடவில்லை என்பது என் கருத்து.